கைவினைச் சந்தை ஏற்பாட்டுக் குழுவினருக்கு: எங்களைக் கடையிலேயே வேலை செய்ய விடுங்கள்

மதிப்பிற்குரிய தீபாவளிக் கைவினைச் சந்தை ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். 2026ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கடைக்கான விண்ணப்பப் பாரத்தை நீங்கள் அச்சடிப்பதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் ஒயர் கூடை பின்னி விற்பவள். சேலைக் குஞ்சம் கட்டுபவர்கள், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர்கள், பட்டுநூல் வளையல் சுற்றுபவர்கள், அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுபவர்கள் என்று மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் இந்தச் சந்தையை நம்பியிருக்கும் பெண்கள் பலர். பெரும்பாலோர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, கல்யாணத்துக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தவர்கள். சந்தை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும். திடல் அனுமதி, கூடாரம், மின்சாரம், குப்பை எல்லாவற்றுக்கும் அலைகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி.

ஆனாலும் பாரத்தின் பின்பக்கத்தில் இருக்கும் மூன்று விதிகளால் எங்கள் வியாபாரம் படுத்துவிடுகிறது. கடையில் செய்முறை வேலை கூடாது, குப்பை சேரும். மேசையைக் கூடாரத்தின் முன்விளிம்பில் குறுக்காகப் போட்டு, கடைக்காரர் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். கூடாரக் கம்பியில் எதையும் தொங்கவிடக்கூடாது. சந்தை சுத்தமாகவும் வரிசையாகவும் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் இவற்றைப் போட்டிருப்பீர்கள். ஆனால் வாங்க வரும் சனம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் போகிறது என்பதை ஒரு மாலை முழுக்க நடைபாதையில் நின்று பார்த்தால், இந்த மூன்றையும் நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். பின்னி முடித்த கூடைகளை அடுக்கி வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தால், மக்கள் நடந்துகொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். “வாங்கம்மா, என்ன வேணும்?” என்று கேட்டால் “சும்மாதான் பாக்குறேன்” என்று பதில் வரும், கால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடும். அந்தக் கேள்வியே அவர்களை விரட்டுகிறது. கையில் காசை வைத்துக்கொண்டு என்ன வாங்குவதென்று முடிவு செய்யாமல் வரும் ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்?

அதே கூடையைப் பாதி பின்னிய நிலையில் மடியில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருங்கள். முதலில் நிற்பது பிள்ளைகள். நெல்லிக்காய் முடிச்சில் ஒயர்கள் ஒன்றையொன்று சுற்றி, இழுத்தவுடன் நடுவில் குமிழ் மாதிரி எழும்பி வரும். அந்த ஒரு நொடிக்காகப் பிள்ளை மறுபடியும் மறுபடியும் குனிந்து பார்க்கும். “ஆன்ட்டி, இது எப்படி உள்ள போகுது?” என்று கேட்கும். பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் தாயும் நின்றுவிடுவார். நான் தலை நிமிராமல் ஒயரின் ஒரு நுனியைப் பிள்ளையிடம் கொடுத்து “இழு பாக்கலாம்” என்பேன். அதற்குள் தாயே பேச ஆரம்பித்துவிடுவார். “எங்கம்மாகிட்ட இப்படி ஒன்னு இருந்துச்சுக்கா, பச்சையும் மஞ்சளும். கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டு போவாங்க.” பிறகு விலையை நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே கேட்பார். கூடையைத் தூக்கிப் பார்ப்பார், பிடியை அழுத்திப் பார்ப்பார், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். இத்தனையும் நடக்க அவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும், நிற்க இடம் வேண்டும், நாங்கள் பேசுவது காதில் விழ வேண்டும்.

இது ஒன்றும் புதுசில்லை. தோட்டத்தில் சம்பள நாளில் வந்த துணிக்காரரை நம் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். மூட்டையை லயத்து வாசலில் இறக்கியதும் அவர் விலை பேசமாட்டார். ஒரு சேலையை உதறி விரிப்பார், முந்தானையை அக்காமார் கையில் கொடுப்பார், அடுத்ததை விரிப்பார். துணி கைக்குக் கை மாறும். பேரம் அதற்குப் பிறகுதான். நீங்கள் போடச் சொல்லும் மேசை அந்தக் கை மாறுதலைத் தடுத்துவிடுகிறது.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. பாலம் தாண்டிக் கேரித்தீவுக்குள் போனால், செம்பனைத் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம் சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பூர்வகுடியினர் இருக்கிறார்கள். அவர்கள் செதுக்கும் மர முகமூடிகளும் பெண்கள் பின்னும் பண்டான் பாய், பைகளும் வெளிநாடு வரை பேர் வாங்கியவை. அங்கே போகிறவர்கள் பின்னுவதையும் செதுக்குவதையும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஒரு முகமூடிக்கு எவ்வளவு உழைப்பு என்று கண்ணால் பார்த்த ஆள், விலையைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. அரைமணி நேரப் பயணத்துக்குள் இப்படி ஒரு பாடசாலையை வைத்துக்கொண்டு, நம் சந்தையில் மட்டும் கையைக் கட்டிப்போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே முதல் வேண்டுகோள்: செய்முறை வேலையை அனுமதியுங்கள். ஒயர்த் துண்டும் நூலும் சேர்ந்தால் கூட்டிப் பெருக்க எங்களுக்குத் தெரியும். வேண்டுமானால் கடைக்கு ஒரு குப்பைப் பையைக் கட்டாயமாக்குங்கள், பிணைத்தொகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மேசை. பத்துக்குப் பத்து அடிக் கூடாரத்தின் முன்பக்கம் முழுவதையும் அடைத்துவிட்டால், நடைபாதையில் கூட்டத்தை மறிக்காமல் நின்று பார்க்க யாருக்கும் இடமில்லை. ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார், நின்றவரும் நகர்ந்துவிடுவார். மேசையைப் பக்கவாட்டில் போட்டுக் கடைக்குள் இரண்டு எட்டு நுழைய வழிவிட்டால், நின்று பார்ப்பவர் பாதையை மறிக்கமாட்டார். இப்படிப் போட விருப்பமுள்ளவர்களுக்கு அனுமதி கொடுங்கள், போதும். எல்லோரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை.

தொங்கவிடும் விஷயமும் அப்படித்தான். மேசை ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரம். கூட்டத்தில் நாலு பேருக்குப் பின்னால் நடப்பவருக்கு மேசைமேல் இருப்பது கண்ணில் படவே படாது. தலை உயரத்தில் ஒரு சிவப்புக் கூடையும், குஞ்சம் கட்டிய ஒரு முந்தானையும் ஆடினால்தான் தூரத்திலிருந்தே தெரியும். கம்பி பாரம் தாங்காது என்ற பயம் இருந்தால் எடைக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பாட்டு வேண்டும், பாட்டில்லாமல் தீபாவளிச் சந்தையா? ஆனால் மேடைக்குப் பக்கத்துக் கடைகளில் வாடிக்கையாளர் கேட்பது எங்களுக்கும், நாங்கள் சொல்வது அவர்களுக்கும் காதில் விழுவதில்லை. கூவிக் கூவிப் பேரம் பேச முடியும், ஆரி வேலையில் எத்தனை வகைத் தையல் என்று கூவி விளக்க முடியாது. ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திடலின் உணவுக்கடைப் பக்கம் திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கூடாரங்களுக்கு இடையில் தண்ணீர்த் தகடு கட்டுவதையும் மறக்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் சாயங்கால இடிமழை வராத நாள் குறைவு, இரண்டு கூடாரம் சேரும் இடத்தில் ஒழுகும் தண்ணீர் நேராகச் சரக்கின்மேல்தான் விழுகிறது.

இப்போது தேதிக்கு வருகிறேன். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று சில தோழிகள் சொல்கிறார்கள். நம் வாடிக்கையாளர்கள் யார்? தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் கடைகளிலும் மாதச் சம்பளம் வாங்குபவர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அதை ஒட்டி வாங்கும் குடும்பத்தில் தீபாவளிக்கு முன் எத்தனை செலவு இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். பல இடங்களில் மாதக் கடைசியில் போடுகிறார்கள், சில இடங்களில் 7ஆம் தேதி வரை இழுக்கிறார்கள். சந்தையை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வைத்தால் பார்ப்பதற்குக் கூட்டம் வரும், வாங்குவதற்குக் காசு வராது. அக்டோபர் 31, சனியும் நவம்பர் 1, ஞாயிறும் வையுங்கள்.

அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் சரக்கில் பாதி எடுத்துப் போவது, மறு பாதி சொல்லிச் செய்வது. ஆரி ரவிக்கையோ, சேலை நிறத்துக்கு ஏற்ற குஞ்சமோ, பெயர் போட்ட கூடையோ நவம்பர் 1இல் கேட்டால் ஏழு நாளில் செய்து தர முடியாது. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவோம். செப்டம்பர் 26, 27இல் சிறிய அளவில், மேடையும் பாட்டும் இல்லாமல், மண்டபத்திலேயே ஒரு சந்தை நடத்துங்கள். அங்கே வருபவர்கள் நாங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார்கள், அளவு கொடுப்பார்கள், முன்பணம் கட்டுவார்கள். அக்டோபர் கடைசியில் அதே கடைக்கு வந்து எடுத்துப் போவார்கள், கூடவே தங்கையையும் அண்டை வீட்டாரையும் கூட்டி வருவார்கள். ஒருமுறை பார்த்த முகத்தைத் தேடி வரும் வாடிக்கையாளர் எங்களுக்குப் பெரிய பலம்.

குழுவிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. என்னோடு கடை போடும் அக்கா தங்கைகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த விதியை மாற்றியும் பயனில்லை. விலையை எழுதி ஒட்டுங்கள். கேட்க வெட்கப்படுபவர்கள் அதிகம், விலை தெரியாவிட்டால் கேட்காமலே போய்விடுவார்கள். 60 வெள்ளிச் சாமான் மட்டும் வைக்காமல் 5 வெள்ளிக்கும் 10 வெள்ளிக்கும் ஏதாவது வையுங்கள். சாவிக்கொத்துக்குக் குட்டிக் கூடையோ, ஒற்றை வளையலோ போதும். பள்ளிப் பிள்ளை தன் காசில் வாங்கிப்போவதைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் வருவார்கள். கைப்பேசியில் பணம் கட்டுவதற்கான டூயிட்நவ் கியூஆர் அட்டையைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் செய்ததை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வளையல் விற்பவர் கையில் வளையல் இல்லாவிட்டால் வாங்குபவர் எதை நம்பி வாங்குவார்? “தொட்டுப் பாருங்க” என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவர்களைப் பார்க்க விட்டு உங்கள் வேலையைத் தொடருங்கள்.

குழுவினரே, கடைகளை ஒதுக்கும் குலுக்கலுக்கு முன் ஒரு மாலை உங்களில் இரண்டு பேர் நேரம் ஒதுக்கினால் போதும். திடலில் ஒரே ஒரு கூடாரத்தை அடியுங்கள். மேசையை எப்படித் திருப்பிப் போடலாம், எத்தனை பேர் உள்ளே நிற்கலாம், கம்பியில் எவ்வளவு தொங்கவிடலாம் என்று நாங்கள் அளந்து காட்டுகிறோம். மேசையும் சரக்கும் நாங்களே கொண்டு வருகிறோம். அதைப் பார்த்த பிறகு பாரத்தை அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தையில் ஒயர் கூடை விற்கும் சகோதரி