கத்திப்பாராவின் நான்கு வளைவுகள்

ஐஸ்லின், நியூஜெர்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

2008-ல் கத்திப்பாரா பாலம் திறந்த புதிதில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி நான்கு வளைவையும் சுற்றிக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சிக்னலே இல்லாமல் எந்தப் பக்கமும் போகலாம் என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் நான்கு இலைகள் போலத் தெரியும் அந்த வடிவத்துக்கு 1916-லேயே ஆர்தர் ஹேல் என்ற அமெரிக்கப் பொறியாளர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இந்த நாட்டில் அப்படி முதலில் கட்டிய சந்திப்பு, 1929-ல், நான் குடியிருக்கும் இதே உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பில்தான்! ஆசையாகப் பார்க்கப் போனேன். பழைய நான்கு இலைகள் இல்லை. மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்பது போன மாதம் வேறொரு சந்திப்பில் புரிந்தது. வளைவிலிருந்து நான் நெடுஞ்சாலையில் ஏறுகிறேன். அடுத்த வளைவில் இறங்க வேண்டிய லாரி அதே லேனுக்குள் வருகிறது. ஏறுகிறவனுக்கும் இறங்குகிறவனுக்கும் இருப்பது பாலத்தை ஒட்டிய அந்த ஒரே துண்டுச் சாலைதான். வளைவில் மெதுவாக வந்த நான் வேகம் எடுப்பதற்குள் லாரி உரசுகிற மாதிரி கடந்துபோனது. ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் நின்ற பிறகுதான் கிளம்பினேன். வண்டிகள் குறைவாக இருந்த காலத்துக்கு அந்த வடிவம் சரி. இன்றைய நெரிசலுக்குத் தாங்காது.

சில இடங்களில் எதிரெதிரான இரண்டு வளைவுகளை எடுத்துவிட்டு, சின்னச் சாலையில் சிக்னல் வைக்கிறார்கள். ஏறுபவரும் இறங்குபவரும் அதன்பிறகு மோதிக்கொள்வதில்லை. இரண்டும் பெரிய சாலை என்றால் வளைவுக்குப் பதில் உயரமான தனிப் பாலம் போடுகிறார்கள், செலவு எக்கச்சக்கம்.

அப்புறம் ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். வேலையாக மிசோரியின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போயிருந்தேன். அங்கே 2009-ல் திறந்த ஒரு சந்திப்பில், சிக்னலைத் தாண்டியதும் வண்டிகள் கொஞ்ச தூரம் நம்ம ஊர் மாதிரி சாலையின் இடது பக்கமாகவே போகின்றன! இடது பக்கம் திரும்பி நெடுஞ்சாலையில் சேர, எதிரே வருபவரைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. இந்த நாட்டில் இந்த வகையில் அதுதான் முதல். எனக்கு அந்தச் சில நொடிகள் மவுண்ட் ரோட்டில் ஓட்டுகிற மாதிரியே இருந்தது, அப்பா.

கத்திப்பாராவில் வளைவிலிருந்து இறங்கிச் சேரும்போது வலது கண்ணாடியைப் பார்க்காமல் சேராதீர்கள். பின்னால் பஸ் வந்தால் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
செந்தில்