கீர்த்தனை வகுப்பைத் திரும்பத் தாருங்கள்: நான் படித்த வேதாகமக் கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

கனம் பொருந்திய முதல்வர் ஐயா அவர்களுக்கும் ஆட்சிக்குழுவில் இருக்கிற ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

ஜூன் மாதம் வந்த சுற்றறிக்கையைப் பற்றி நானும் என்னோடு படித்த நாலு பேரும் இரண்டு முறை உங்களுக்கு எழுதிவிட்டோம். முதல் கடிதத்துக்கு ‘கிடைக்கப்பெற்றோம்’ என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. அதனால்தான் இப்போது ஊரறிய எழுதுகிறேன். சுற்றறிக்கையில் உள்ளதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எழுதியவர்களே நீங்கள்தான். காலை ஜெபத்துக்கு இனிமேல் பாண்டு இசை. பாட்டுப் புத்தகத்துக்குப் பதிலாகத் திரை. முதல் இரண்டு வருஷமும் கட்டாயமாக இருந்த கீர்த்தனை வகுப்பு இனி இல்லை. முதல் இரண்டும் எனக்கு வருத்தம். மூன்றாவதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

போன ஐப்பசியில் எங்கள் ஊரில் ஒரு ஆச்சி இறந்துபோனார்கள். வயது எண்பத்தாறு. தேரிக்காட்டு ஓரத்து ஊர் எங்களுடையது. துக்க வீட்டில் விடிய விடியப் பாடுகிற வழக்கம் இங்கே இன்னும் விட்டுப்போகவில்லை. மகன் வெளியூரிலிருந்து வந்துசேர மறுநாள் மத்தியானம் ஆகும் என்றார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபம் பண்ண, சபை ஊழியம் செய்கிற இளம் உபதேசியார், நான் தம்பி என்று சொல்கிறவர், வந்தார். உங்களிடம் படிப்பை முடித்து ஒரு வருஷம் ஆன பிள்ளை. அருமையான பிள்ளை. வேதம் வாசித்தார், நிறுத்தி நிதானமாக ஜெபித்தார். ஆமென் சொல்லி முடித்ததும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி, “எய்யா, ஒரு பாட்டு எடுத்துக் குடுங்கய்யா, நாங்க பாடிக்கிடுதோம்” என்று கேட்டாள்.

தம்பி போனை எடுத்தார். எதையோ தேடினார். மழைக்கு டவர் சரியாகக் கிடைக்கவில்லை. பந்தலுக்கு வெளியே போய்க் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்து போனைப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். பாட்டு வரும் முன்னால் ஒரு விளம்பரம் வந்தது. பெயிண்டு விளம்பரம். துள்ளல் இசையோடு இரண்டு பேர் சிரித்துப் பேசுகிற சத்தம், செத்த வீட்டில், பிரேதத்தின் தலைமாட்டில். அதை நிறுத்தத் தெரியாமல் தம்பியின் விரல் நடுங்கியதை நான் பார்த்தேன். ஆச்சியின் மகள் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு மூலையிலிருந்து ஒரு கிழவி தன்பாட்டில் ஒரு கீர்த்தனையை எடுத்தாள். சுருதி தாறுமாறாக இருந்தது. இருந்தாலும் இரண்டாம் அடிக்குள் இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். சரணம் சரணமாகப் போயிற்று. ஐந்தாவது சரணம் வரை ஒருத்தியும் தடுமாறவில்லை.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த என்னிடம் தம்பி வந்து உட்கார்ந்தார். “ஐயா, எங்களுக்கு யாரும் சொல்லித் தரலைய்யா. சேப்பல்ல நான்தான் கிட்டார். இங்க வந்து கிட்டாரை எடுக்க முடியுமாய்யா?” என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். அந்தப் பிள்ளையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று வருஷம் உங்கள் கையில் இருந்தவர் அவர். ஒரு உபதேசியாருக்கு மாதத்தில் நாலு ஞாயிறு வருகிறது என்றால், துக்க வீடும் நோயாளி வீடும் புதுமனை ஜெபமும் அதற்கும் மேலே வருகிறது. அங்கெல்லாம் மேடை கிடையாது. மிக்ஸர் கிடையாது. பாதி இடத்தில் கரண்டும் இருக்காது.

இது ஒரே நாளில் வந்த கேடு என்று நான் சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கீர்த்தனை வாத்தியார் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நீங்கள் ஆளே போடவில்லை. வகுப்பு கால அட்டவணையில் மட்டும் இருந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அட்டவணையிலிருந்தும் எடுத்துவிட்டீர்கள். ‘மாணவர்களிடம் ஆர்வம் குறைந்திருப்பதால்’ என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். சொல்லிக் கொடுக்க ஆளே இல்லாத பாடத்தில் ஆர்வம் எங்கிருந்து வரும், ஐயா?

ஆகையால் நான் கேட்பது இது: கீர்த்தனை வகுப்பைத் திரும்பத் தாருங்கள். முதல் இரண்டு வருஷம், வாரம் இரண்டு மணி நேரம், ஒரு வாத்தியார், ஒரு ஆர்மோனியம்.

பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். நம் பாட்டின் சரித்திரத்தை அந்த வகுப்பில்தான் நானே படித்தேன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் காலத்திலிருந்து சபையில் பாடியது ஜெர்மன் மெட்டில் தமிழ்ச் சொல்லை உட்காரவைத்த ஞானப்பாட்டுகளை. நம் ராகத்திலும் தாளத்திலும் எழுந்த கீர்த்தனைக்கு ஆராதனைக்குள் இடம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1820-களில் தஞ்சாவூருக்குப் புதிதாக வந்த மிஷனரிமார் கீர்த்தனையையும் வாத்தியத்தையும் ஆலயத்திலிருந்து விலக்கப் பார்த்தபோது, கீர்த்தனைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் எழுத்து மூலமாகவே அவர்களை எதிர்த்து வழக்காடினார். அதே எழுத்துகளில் சாதி வேற்றுமையையும் அவர் தாங்கிப் பேசியிருக்கிறார். அந்தப் பகுதியை என்னால் ஏற்கவே முடியாது, அதை மறைத்துவிட்டு அவரைப் புகழவும் மாட்டேன். ஆனால் சபையார் தங்கள் வாயால், தங்கள் மெட்டில் பாட வேண்டும் என்று அவர் நின்றது சரி. 1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் அந்தக் கீர்த்தனைகளைத் தேடித் தொகுத்து அச்சுப் போட்ட பிறகுதான் அவை சபை சபையாகப் பரவின. வெள்ளைக்காரர் சிலர் விலக்கப் பார்த்த பாட்டை இன்னொரு வெள்ளைக்காரர் புத்தகமாக்கினார். நாம் அதைப் பரணில் ஏற்றுகிறோம்.

புதுப்பாட்டே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை என்று நாம் எல்லாரும் அறிந்தவர், கர்நாடக மெட்டுக் கீர்த்தனை மேல்சாதி வழக்கம் என்றும், ஒடுக்கப்பட்ட சனங்களின் பாட்டு ஆராதனைக்குள் வர வேண்டும் என்றும் வாதாடினார். மாணவனாக இருந்தபோது அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவர் சொன்னதில் பெரும்பகுதி நியாயம் என்றே படுகிறது. அவர் கொண்டுவந்த மாற்றத்தில் வயல்காட்டுக்காரி வாய்திறந்து பாடினாள். உங்கள் மாற்றத்தில் மேடையில் ஆறு பேர் பாடுகிறார்கள், இருநூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. ஆகஸ்டில் பழைய மாணவர் கூடுகைக்கு வந்தபோது காலை ஜெபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். பாடுகிற தம்பியின் தொண்டைக்கு எது வசதியோ அந்தச் சுருதியில் பாட்டை எடுத்தார்கள். ஆர்மோனியச் சுருதிக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து கட்டை உயரம். இரண்டு கட்டைக்கு மேலே ஏறாத ஆண்பிள்ளைகள் முதல் வரியிலேயே வாயை மூடிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் எட்டிப் பிடிக்கப் பார்த்து, உச்சத்தில் விட்டுவிட்டார்கள். மேடையில் இருக்கிறவருக்கு அது கேட்டிருக்காது, அவருடைய மானிட்டரில் அவர் குரல்தான் வரும். கீர்த்தனை வகுப்பில் எங்கள் வாத்தியார் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: பாட்டை எடுக்கும் முன் கூட்டத்தைப் பார், கிழவி எத்தனை பேர், குழந்தை எத்தனை பேர், அதற்குத் தக்கபடி ஆர்மோனியத்தில் கட்டையைப் பிடி, உன் குரல் கெட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று, பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடிலி என்கிற பனங்காட்டுக் குடிசையில் பதநீர் காய்ச்சிக்கொண்டே பாடுவாள். கெத்செமனே, காய்பா வீடு, பிலாத்துவின் அரமனை, கொல்கொதா என்று ஒன்றன்பின் ஒன்றாக என்ன நடந்தது என்பதை அவள் வேதத்தைத் திறந்து படிக்கவில்லை, சரணம் சரணமாகப் பாடித்தான் படித்தாள். லெந்து என்கிற தவக்கால நாட்களில் எங்கள் வீட்டில் பாடு மரணப் பாட்டுகளைத் தவிர வேறு எதுவும் கேட்காது. ஆகஸ்டில் அன்று காலை நான் கேட்ட நாலு பாட்டிலும் ‘நான்’, ‘எனக்கு’, ‘என்னை’ என்பதே திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பாட்டின் கடைசி வரியைப் பதினாறு முறை பாடினார்கள், எண்ணினேன். தேவனிடம் தனியாகப் பேசுகிற பாட்டும் வேண்டியதுதான். அது மட்டுமே போதும் என்றால் என் அம்மாவைப் போன்றவளுக்கு யார் கதை சொல்வது?

நான் சேர்ந்தபோது இதே கல்லூரியில் சினிமா மெட்டில் விசில் அடித்த மாணவனை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். டிரம்ஸ் வளாகத்துக்குள் வரக் கூடாது என்று விதி இருந்தது. அது அளவுக்கு மீறின கட்டுப்பாடு என்று அன்றைக்கே நாங்கள் முணுமுணுத்தோம். அதைத் தளர்த்தியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். தளர்த்துவது வேறு, பிடுங்கி எறிவது வேறு. அதுவும் சபைகளைக் கேட்காமல், பழைய மாணவர்களைக் கேட்காமல். அந்தச் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் பிரசங்கம் பண்ணப் போகிற பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பாட்டைப் பற்றி, தமிழ்நாட்டில் இருக்கிற கல்லூரி, ஆங்கிலத்தில் எழுதுகிறது. ஆராதனை என்ற சொல்கூட அதில் இல்லை. எங்கள் சேகரத்தில் அதை வாங்கின மூன்று சபை மூப்பர்களில் இரண்டு பேர் என்னிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார்கள்.

விளக்குக்கும் கேமராவுக்கும் பணம் இருக்கிறது. காலை ஜெபத்தை நேரலையில் போட ஆள் இருக்கிறது. ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து மூன்று வருஷமாகியும் தைக்க ஆளில்லை. படி ஏறிப் போய்ப் பார்த்தேன். ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் கிடக்கிறது. பக்கத்தில் கட்டுக் கட்டாகக் கீர்த்தனைப் புத்தகங்கள். கரையான் ஏறியிருந்தது. ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். பாட்டின் தலையில் ‘சங்கராபரணம், ஆதி தாளம்’ என்ற எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது, சரணங்களைக் கரையான் தின்றிருந்தது. காணிக்கை கொடுத்து அந்தப் புத்தகங்களை வாங்கித் தந்தவர்கள் எங்களைப் போன்ற ஏழைச் சபைக்காரர்கள், ஐயா. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயையும் இரண்டு சேவலையும் விற்றுச் சேர்த்த காசு.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. பெரியவர்களாகிய நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னை ஒரு ஊழியனாக்கி அனுப்பிய கல்லூரி அது. அதன் சோற்றைத் தின்றவன் நான். உங்களில் மூன்று பேர் எனக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே கீர்த்தனைகளைப் பாடியவர்கள் என்பதையும் மறக்கவில்லை. பாண்டை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. திரையைக் கழற்றுங்கள் என்றும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு காலை ஜெபமாவது வாத்தியமில்லாமல் அல்லது ஒரு ஆர்மோனியத்தோடு நடக்கட்டும். அது முடியாவிட்டாலும், கீர்த்தனை வகுப்பைத் திரும்பத் தாருங்கள். அதைத்தான் முதல் கடிதத்திலும் கேட்டோம், இரண்டாவதிலும் கேட்டோம்.

வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்பதுதான் தடை என்றால் அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். அந்த உபதேசியார் தம்பி இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் என் வீட்டுக்கு வருகிறார். பதினொரு கீர்த்தனை தேறிவிட்டது. போன மாதம் ஒரு துக்க வீட்டில் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் வாசலில் நின்று கேட்டேன், சுருதி இரண்டு கட்டையில் சரியாக இருந்தது. அவருக்குச் சொல்லித் தருகிறவன் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லித் தர மாட்டேனா? வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்குக் கல்லூரி வாசலில் இறங்கிவிடுவேன். சம்பளம் வேண்டாம், பஸ் காசும் வேண்டாம். துருத்தி தைக்கிற ஆளையும் நானே கூட்டி வருகிறேன். ஸ்டோர் ரூம் சாவியை மட்டும் அன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்கும் முன்பாக, தயவுசெய்து தமிழில், ஒரு பதில் எழுதுங்கள்.

கர்த்தருக்குள் தங்கள் கீழ்ப்படிதலுள்ள
1987-ஆம் வருஷத்து வகுப்பு மாணவன்,
ஓய்வு பெற்ற உபதேசியார்.