சுனையில் கை வைக்காதீர்கள்

ஞாயிறுதோறும் மலையேற்றத்துக்கு ஆட்களைக் கூட்டிச் செல்லும் குழுவின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி மலையில் உங்களுக்குப் பின்னால் பதினோரு பிள்ளைகளோடு ஏறி வந்த வாத்தியார் நான். ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிட்டதாக எதிரே வந்த உங்கள் ஆட்கள் பெருமையாகச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

தட்டுகளையும் குண்டானையும் சுனையிலேயே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தீர்கள். ஓரமெல்லாம் நுரை, பருக்கை. தண்ணீர்மேல் ஓடும் பூச்சியைக் காட்டி, தண்ணீரின் மேற்பரப்பை மெல்லிய தோல்போல இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசையைச் சொல்லித்தரலாம் என்று பிள்ளைகளை அழைத்து வந்திருந்தேன். சோப்புப் பட்டால் அந்த இழுவிசை தளர்ந்துவிடும். பூச்சியால் நிற்க முடியாது. "சார், நடக்கும்னு சொன்னீங்களே, முங்கிக் கெடக்கு" என்றான் ஒருவன். செவுளால் மூச்சு விடும் தலைப்பிரட்டைகளும் அசையாமல் மிதந்தன.

சுனை என்பது ஓடும் ஆறல்ல. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை பாறைக் குழியில் நிற்கிறது. அதில் விழுந்தது அடுத்த பெருமழை வரை அதிலேயேதான் கிடக்கும்.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் வந்தார். ஆடுகள் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அவரும் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துக் கீழே விட்டார். "இனி எங்க சார் கொண்டுபோயி தண்ணி காட்டுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அத்தனை ஆடுகளையும் உச்சி வெயிலில் கண்மாய்க்கு ஓட்டிக்கொண்டு இறங்கினார்.

தயவுசெய்து சுனையில் கை வைக்காதீர்கள்.

2022இல் இங்கேயும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் மேலூர் வட்டாரமே வேலை வெட்டியை விட்டுத் தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. அப்படி மீட்ட மலையில் வந்து ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறீர்கள். தை, மாசியில் வல்லூறுகள் செங்குத்துப் பாறை இடுக்கில் முட்டையிட்டிருக்கும். சத்தத்துக்குப் பயந்து தாய் எழும்பினால் முட்டை வெயிலில் வேகும். இதையெல்லாம் உங்களோடு வந்தவர்களுக்கு யாராவது சொன்னீர்களா? தேவாங்கும், எறும்புதின்னியான அழுங்கும் இருக்கிற மலை இது, தமிழின் பழைய எழுத்தான தமிழி வெட்டிய குகை இருக்கிற மலை இது என்று ஒரு வார்த்தை? பணம் வாங்கிக் கூட்டி வருகிறவர்களுக்கு அந்தக் கடமை இல்லையா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். பாத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள். ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்து முன்னால் நடக்க விடுங்கள். சுனையில் கை வைக்காதீர்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருப்போம். நீங்களும் வந்தால் எங்கள் பிள்ளைகளே மலையைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த அம்மாவும் வருவார். அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
மேலூர்