பிஷப் இன்னும் என் தலைக்குள்தான்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மார்மன் சபையை விட்டு ஆறு வருஷமாச்சே, படுக்கையறையில் இப்போதாவது நிம்மதியா என்று உன்னால் மட்டும்தான் இப்படிப் பட்டென்று கேட்க முடியும்.

பாதி நிம்மதி. சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் மேலிருந்த நம்பிக்கை ஒரே கோடையில் போய்விட்டது, ஆனால் கணவர் தோளில் கை வைத்தால் உடம்பு இன்றும் முதலில் விறைக்கிறது, அப்புறம்தான் தளர்கிறது. பன்னிரண்டு வயதில் பிஷப் அறையில் தனியாக உட்கார்ந்து கற்பைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்ன உடம்பாயிற்றே. அந்த பிஷப் வாரநாளில் பல் டாக்டர் வேறு (நம் பிஷப்களுக்குத்தான் சம்பளமே கிடையாதே). எந்தப் பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னாலும் எதையாவது ஒப்புக்கொண்டுவிடலாம் போலிருக்கிறது எனக்கு. பிள்ளைகள் கேட்டால் இன்னொரு பெரியவர் கூட இருக்கலாம் என்று விதியை மாற்றியதே 2018இல்தான்.

கற்பிழந்த பெண் மென்ற சூயிங்கம் மாதிரி, அதை யார் வாயில் போட்டுக்கொள்வார்கள் என்ற அந்தப் பாடம் நினைவிருக்கிறதா? நாம் சிரித்தோம். எலிசபெத் ஸ்மார்ட்டும் அதைக் கேட்டு வளர்ந்தவர். 2002இல், 14 வயதில், சால்ட் லேக் சிட்டி வீட்டிலிருந்து கடத்தப்பட்டு வல்லுறவுக்கு ஆளானபோது அந்தச் சூயிங்கம்தான் நினைவுக்கு வந்தது, இனி தனக்கு மதிப்பில்லை என்று தோன்றியது என 2013இல் சொன்னார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. கல்யாணத்துக்கு வெளியே உறவு கொலைக்கு அடுத்த பாவம் என்று மார்மன் நூலின் ஆல்மா 39ஐக் காட்டிப் பயமுறுத்தியவர்கள், சம்மதம் என்ற சொல்லை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை எல்லாம் கூடாது, மறுநாள் எல்லாம் கூடும், இரண்டிலும் என்னை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் ஓடிப் பார்த்தேன். ஒயின், என்னென்னவோ சாமான், எல்லாம் பரீட்சை எழுதுவது மாதிரிதான் இருந்தது. கடைசியில் உதவியது ஒரு ஆலோசகர். சில வாரங்களுக்கு உறவே வேண்டாம், தொடுவது மட்டும், பிடிக்காத இடத்தில் நிறுத்தச் சொல்லவேண்டும் என்றார். பதினைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அன்றுதான் முதல்முறையாக "வேண்டாம்" என்றேன். கணவர் கோபித்துக்கொள்ளவில்லை, எழுந்து போய்க் காபி போட்டார். சபை விலக்கி வைத்திருந்ததை நாற்பது வயதில் கற்றுக்கொண்ட காபி, சகிக்காது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் எனக்கு எது வேண்டும் என்பதே தெரிய ஆரம்பித்தது.

இன்னொன்று, சிரிக்காதே. சபை தினமும் போடச் சொன்ன கோயில் உள்ளாடையைக் கழற்றிய பிறகு கடையில் அரைமணி நேரம் நின்று நானாக ஒன்று வாங்கினேன். பழுப்பு நிறம், பாட்டி போடுவது மாதிரி. வீட்டில் அவருக்கு ஏமாற்றம், எனக்கு ஒரே சந்தோஷம்.

நீ இன்னும் ஞாயிறு தவறாமல் போகிறாய் என்பது தெரியும். போ. ஆனால் உன் மகளுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டு முடிகிறது, அந்த அறைக்குள் அவளைத் தனியாக மட்டும் அனுப்பாதே. வேண்டுமானால் சொல், நானே வந்து பக்கத்தில் உட்காருகிறேன், பிஷப் முகத்தைப் பார்க்கவாவது.

உன் பழைய அறைத்தோழி