நினைத்த எண்ணைச் சொல்கிறோம்: மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

அவைத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் ஞாயிறுதோறும் செங்கோட்டையில் கூடும் நம் கணக்கு விளையாட்டு மன்றம் இந்த ஆண்டு ஒன்பது முறை கூடியது. விட்டுப்போன மூன்று கூட்டங்களும் சாரல் காலத்துக்கு உரியவை. குற்றாலத்தில் தண்ணீர் விழும்போது இங்கே ஒருவரையும் கணக்குப் போட உட்காரவைக்க முடியாது என்று முந்தைய செயலாளரும் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே அதைப் பற்றி விளக்கம் கேட்க வேண்டாம்.

வெளி நிகழ்ச்சிகள் நான்கு நடத்தினோம். முதலாவது ஒரு பள்ளியின் ஆண்டு விழா. அங்கே நேர்ந்த தலைக்குனிவுக்கு நானே பொறுப்பு என்பதால் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று இலக்க எண் ஒன்றை நினைக்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையையும் திருப்பிப் போட்டு அதனோடு கூட்ட வேண்டும். 742 என்றால் 742-இல் 247 போக 495. அதோடு 594-ஐக் கூட்டினால் 1089. எந்த எண்ணை நினைத்தாலும் 1089தான். நான் அதை முன்கூட்டியே எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மேசைமேல் வைத்திருந்தேன். ஆசிரியர் ஒருவர் மேடைக்கு வந்து கரும்பலகையில் எனக்குத் தெரியாமல் கணக்கைப் போட்டார். உறையைக் கிழித்துத் தாளை உயர்த்திக் காட்டினேன். கூட்டம் கைதட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் பலகையில் 198.

அவர் நினைத்தது 463. அதில் 364 போனால் 99. அவர் 99-ஐத் திருப்பி 99 என்றே எழுதிக் கூட்டிவிட்டார். கணக்கில் பிழை இல்லை. 099 என்று மூன்று இலக்கமாக எழுதித் திருப்பினால் 990; கூட்டினால் 1089. அந்தப் பூஜ்யத்தை எழுதச் சொல்ல மறந்தவன் நான். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்றே வித்தியாசப்பட்டால் இப்படி நேரும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் கழித்தவுடன் எதுவும் மிஞ்சாது. இப்போது "முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது இரண்டு வித்தியாசம் இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அப்படியானால் கழித்து வரும் எண்ணின் நடுவில் 9 இருக்கும், இரு ஓரங்களும் சேர்ந்து 9 ஆகும், வேறு வழியே இல்லை.

இதே பூஜ்யம் ஜனவரிக் கூட்டத்திலும் வந்து நின்றது. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-இல் கண்டறிந்த 6174 பற்றி அன்று பேசினோம். நான்கு இலக்க எண்ணை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிகளுக்குள் 6174-இல் வந்து நிற்கும். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் மட்டும் வராது. 3524 என்றால் 3087, 8352, 6174. இரண்டாம் படியில் 8730-இலிருந்து 0378-ஐக் கழிக்க வேண்டும். பூஜ்யம்தானே என்று அதை இரண்டு எண்களிலும் விட்டுவிட்ட இரண்டு உறுப்பினர்கள் தேநீர் வரும்வரை வேறு எங்கோ சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி மலைக்கு அப்புறம், கேரளத்தின் ஆரியங்காவில். ஓண விழாவுக்கு அழைத்திருந்தார்கள். அங்கே பிறந்த நாளைச் சொல்லும் கணக்கைச் செய்தோம். மாதத்தின் எண்ணை 5-ஆல் பெருக்கி 6-ஐக் கூட்டி, 4-ஆல் பெருக்கி 9-ஐக் கூட்டி, மறுபடி 5-ஆல் பெருக்கித் தேதியைக் கூட்ட வேண்டும். வரும் விடையில் நாம் மனத்துக்குள் 165-ஐக் கழித்தால் கடைசி இரண்டு இலக்கம் தேதி, அதற்கு முன் நிற்பது மாதம். மாதத்தின் நூறு மடங்கையும் தேதியையும் 165-க்குப் பின்னால் ஒளித்துவைக்கும் வேலை, அவ்வளவுதான்.

மூன்று பேர் முன்வந்தார்கள். மூவருமே ஆனி மாதத்தில் பிறந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பள்ளிச் சான்றிதழை நினைத்தவர் ஜூன் என்று 6 போட்டார். தென்காசியிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன அம்மாள், சித்திரையிலிருந்து எண்ணி 3 போட்டார். திருவிதாங்கூர் காலத்தில் பிறந்த பெரியவர், மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டின் முதல் மாதம் சிங்கத்திலிருந்து எண்ணி, ஆனியாகிய மிதுனத்துக்கு 11 போட்டார். நாங்கள் ஒருவருக்கு ஜூன் என்றும், ஒருவருக்கு மார்ச் என்றும், பெரியவருக்கு நவம்பர் என்றும் துணிந்து சொன்னோம். "நவம்பரில் பிறந்தது என் தம்பி" என்றார் பெரியவர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது. கொல்லம் ஆண்டு போட்ட பழைய பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். மாதம் என்றால் எந்த மாதம் என்று கேட்க நமக்கே தோன்றாமல் போனது வெட்கக்கேடு.

அந்தப் பெரியவர் அத்தோடு விடவில்லை. நம் இளைய உறுப்பினர் ஐந்து அட்டைகளோடு நின்றிருந்தார். 1, 2, 4, 8, 16 என்று தொடங்கும் அட்டைகள், ஒவ்வொன்றிலும் பதினாறு எண்கள். தேதி எந்தெந்த அட்டையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். அவற்றின் முதல் எண்களைக் கூட்டினால் தேதி வந்துவிடும். 22-ஆம் தேதிக்காரர் 2, 4, 16 அட்டைகளைக் காட்டுவார். பெரியவர் ஐந்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எதிலுமே என் தேதி இல்லையே, தம்பி" என்றார். தம்பி திகைத்துப்போனார். "மிதுனம் 32" என்று பெரியவரே சொல்லி முடித்தார். ஆனிக்குச் சில ஆண்டுகளில் 32 நாள் உண்டு என்பது காலண்டர் கிழிக்கும் எல்லோருக்கும் தெரியும். அட்டை எழுதிய நமக்கு மட்டும் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், புளியரை இறக்கத்தில், இளையவருக்குத்தான் பொறி தட்டியது. 1 முதல் 31 வரை ஒவ்வோர் எண்ணும் ஓர் அட்டையிலாவது இருக்கும். ஆகவே எதிலும் இல்லாத தேதி 32 ஒன்றுதான். "எதிலும் இல்லை" என்று யாராவது சொன்னால் தயங்காமல் 32 என்று சொல்லிவிடலாம்; கூட்டத்துக்கு அதைவிட வியப்பு வேறு இருக்காது. ஆறாவது அட்டை அச்சடிக்க வேண்டும் என்ற பொருளாளரின் தீர்மானம் இதனால் கைவிடப்பட்டது.

மூன்றாவது நிகழ்ச்சி ஒரு வாசகசாலையில். எந்த எண்ணையும் எழுதி, அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை அதிலிருந்து கழித்து, விடையில் பூஜ்யமல்லாத ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு, மிச்ச இலக்கங்களைக் கூட்டிச் சொன்னால், அடித்தது எது என்று சொல்வோம். 5837-இல் 23 போனால் 5814. எட்டை அடித்தால் மிச்சம் 10. அடுத்த ஒன்பதின் மடங்கு 18. ஆகவே அடித்தது 8. நிகழ்ச்சி பிசகில்லாமல் நடந்தது. மறுநாள் காலை ஒரு பெண் என் வீட்டு வாசலில் நின்றார். "அண்ணாச்சி, காணாமல் போன என் சங்கிலி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். இது ஒன்பதின் வாய்ப்பாடு என்று தாளை எடுத்துப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது" என்று போய்விட்டார். மலையாள மாந்திரீகம் என்று இங்கே சொல்கிறோம். மலைக்கு அப்புறம் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்களோ.

அதன்பின் நிகழ்ச்சி முடிவில் இரகசியத்தை மேடையிலேயே விளக்கிவிடுவது என்று வாக்கெடுப்பில் முடிவானது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். விளக்கினால் அடுத்த முறை யாரும் அழைக்க மாட்டார்கள் என்ற எதிர்த்தரப்பின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவன் நான்.

நான்காவது நிகழ்ச்சி ரயிலிலேயே, கொல்லம் போகும் வழியில், பிள்ளைகளுக்காக நடந்தது. மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதி, 258258 போல, 7-ஆல், 11-ஆல், பிறகு 13-ஆல் வகுத்தால் பழைய 258 திரும்பி வரும். மூன்றையும் பெருக்கினால் 1001 ஆவதுதான் காரணம். கழுதுருட்டிப் பாலத்துக்கு 13 கண் என்பதால் கடைசி வகுத்தலைப் பாலத்தின்மேல் போட வேண்டும் என்று ஏற்பாடு. பாதிப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் ஓடிவிட்டார்கள்.

பலாக்காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் சுளைக் கணக்கு வரும் என்று பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் சொல்வதையும் ஒரு கூட்டத்தில் சோதித்தோம். எண்ணி முடிப்பதற்குள் சுளைகள் குறைந்துகொண்டே வந்ததால் முடிவைப் பதிவு செய்ய இயலவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒன்றே ஒன்றைக் கேட்கிறது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் சொல்ல வேண்டிய வாசகத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். "ஆங்கில மாதம்" என்ற சொல்லும் "முன்னால் நிற்கும் பூஜ்யத்தையும் எழுதவும்" என்ற சொல்லும் அதில் பெரிய எழுத்தில் இருக்கும். மேடையில் நினைவிலிருந்து பேசும் உரிமை, என்னையும் சேர்த்து, யாருக்கும் கிடையாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்