டியூஷனுக்கு முன்னால்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கொப்புடையம்மன் திருவிழா முடிந்துவிட்டது, வெயில்தான் முடியவில்லை.

பேரன் வகுப்பில் சொன்னதைக் கேட்பதில்லை, டிக்டேஷனில் பாதி எழுத்தைக் காணோம், அதனால் டியூஷன் வைக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். டியூஷன் கிடக்கட்டும். முதலில் பிள்ளையின் காதைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது அடைத்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது, வீட்டில் யாருக்கும் தெரியாது. பல பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். திரும்பத் திரும்ப வருகிற பிள்ளைக்குத்தான் கஷ்டம், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாடம் கேட்கிற கதை.

என் வகுப்பில் இப்படிக் காதில் நீர் கோத்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள். 'மரத்தில் குருவி இருந்தது' என்று சொன்னால் 'மரத் குருவி இருந்' என்று எழுதுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும், சொல்லின் வால் இருக்காது. கரும்பலகையைப் பார்த்து எழுதினால் ஒரு பிழை வராது. தமிழில் வேற்றுமையும் காலமும் அந்த வாலில்தானே இருக்கின்றன? வீட்டுக்கு, வீட்டில், வீட்டை எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். (ழகர ளகரம் மாறுவதை விடு, அது நம்ம ஊரில் பெரியவர்களுக்கே மாறும்.) நீர் வடிந்த பிறகும், விட்டுப்போன சொற்களைப் பிடிக்க அவளுக்கு நாளானது.

அப்போது வகுப்பு நடந்ததோ ஒரு பழைய செட்டியார் வீட்டுப் பட்டாலையில், அதாவது பெரிய கூடத்தில். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு, எட்டாத உயரத்தில் கூரை. பார்க்க அழகு. பாடம் நடத்தினால் முதல் சொல் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழும். நாமென்றால் விட்டதை ஊகித்துக்கொள்வோம். இப்போதுதான் சொல் சேர்க்கிற பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? ஜமக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டோம், அவளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தோம். கொஞ்சம் தேவலை.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகும்போது, கேட்கும் அளவோடு நடுக்காதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியும் எடுக்கச் சொல். எல்லாம் சரியென்று வந்தாலும் விட்டுவிடாதே. அமைதியான அறையில் 'பீப்' கேட்கிற சில பிள்ளைகளுக்கு வகுப்பு இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்க முடியாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எழுது. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வயிரவன்