பூப் பார்க்க வரும் பிள்ளைகள் பூ வளர்த்துக்கொண்டு வரட்டும்: லால்பாக் மலர்க் கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கர்நாடகத் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும் மைசூர் தோட்டக்கலைச் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். குடியரசு தினத்தை ஒட்டி ஒரு முறையும் சுதந்திர தினத்தை ஒட்டி ஒரு முறையும் பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் நீங்கள் நடத்தும் மலர்க் கண்காட்சியில், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே விதை போட்டு வளர்த்த செடிகளுக்கு ஓர் இடம் வேண்டும். வாசலோரம் ஒரு பந்தல் போதாது. கிளாஸ் ஹவுஸ் என்னும் கண்ணாடி மாளிகைக்குள், கூட்டம் நடந்து போகும் வழியிலேயே வேண்டும்.

நான் அல்சூர்ப் பக்கம், தமிழ்வழி வகுப்புகள் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. இந்த மடலின் கன்னடப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம், இந்த ஊர்த் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைப் படித்து, சரியென்று பட்டால் தங்கள் பள்ளியின் சார்பில் கையெழுத்திட வேண்டும் என்பதுதான்.

சீருடையில் வரும் மாணவர்களுக்கு நீங்கள் கட்டணம் வாங்குவதில்லை. அதற்கு நன்றி. அந்தச் சலுகை இல்லாவிட்டால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் லால்பாகுக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். லட்சக்கணக்கான பூக்களால் நடுவில் எழும் அந்தப் பெரிய உருவத்தை அண்ணாந்து பார்த்து அவர்கள் வாய் பிளந்து நிற்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த வியப்பு எனக்கும் பிடிக்கும். இக்கெபானா என்னும் ஜப்பானியப் பூ அலங்காரம், பொன்சாய் என்னும் குட்டை மரம், காய்கறிச் சிற்பம் எல்லாம் இருக்கட்டும். எதையும் எடுத்துவிடச் சொல்லவில்லை.

ஆனால் அங்கே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். இருவர் இருவராகக் கைகோத்து வரிசையில் உள்ளே போகிறார்கள். பின்னால் வரும் கூட்டம் தள்ளுகிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பார்வை, அவ்வளவுதான், வெளியே வந்துவிடுகிறார்கள். பிறகு தோட்டத்துக்குள் இருக்கும் பெரிய பாறைமேல் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைத் தின்கிறார்கள். (அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு என்று சொன்னால் அன்றைக்கு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு முடிவே இருக்காது.) மறுநாள் வகுப்பில் “நேற்று என்ன பார்த்தீர்கள்?” என்றால் “பெரிய பூ வீடு டீச்சர்” என்பார்கள். எந்தப் பூ, எத்தனை நாளில் பூத்தது, யார் வளர்த்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் பிள்ளைகளுக்குப் பூ புதிதல்ல. சிவாஜிநகரில் பூக் கட்டி விற்கும் அம்மாவின் பிள்ளை என் வகுப்பில் உண்டு. விடியுமுன் கே.ஆர். மார்க்கெட் போய் மூட்டை தூக்கி வரும் அப்பாவின் பிள்ளையும் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செண்டுமல்லி கிலோ என்ன விலை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் செண்டுமல்லியின் விதை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாமி படத்தில் காய்ந்து தொங்கிய மாலையிலிருந்து ஒரு பூவை எடுத்து உதிர்த்துக் காட்டினேன். இதழின் அடியில் கறுப்பும் வெளுப்புமாய் மெல்லிசாக இருப்பதுதான் விதை என்றதும் வகுப்பே மேசையைச் சூழ்ந்துகொண்டது. கடைப் பூவின் விதை தாய்ச் செடியைப் போலவே பூக்கும் என்ற உறுதி இல்லை, பல கலப்பினங்கள் என்பதையும் சொன்னேன். “அப்ப என்ன பூக்கும்?” என்றாள் ஒருத்தி. அறிவியல் பாடம் தொடங்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

லால்பாகின் வரலாறும் இதைத்தான் கேட்கிறது. 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் இது. வெளியூர்ச் செடிகளைக் கொண்டுவந்து இந்த மண்ணில் வருமா என்று நட்டுப் பார்த்த இடம். 1874 முதல் 1908 வரை பொறுப்பில் இருந்த ஜான் கேமரன் காலத்தில் இங்கே அறிமுகமாகிப் பரவியவற்றில் சௌசௌவும் ஒன்று. மெக்சிகோப் பக்கத்துக் கொடி, இன்று நம் வீட்டுக் கூட்டில் இருக்கிறது. கிளாஸ் ஹவுஸுக்கு 1889இல் அடிக்கல் நாட்டியதும் அவர் காலத்தில்தான். 1908இல் வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கத் தொடங்கும்படி இந்த ஊர்த் தெருக்களுக்கு மரம் தேர்ந்தவர். பின்னால் இங்கே பொறுப்பேற்ற மரிகௌடா தோட்டக்கலையை உழவர்களிடம் கொண்டுபோனார். இவர்கள் எல்லாரும் வளர்க்கக் கற்றுக் கொடுத்தவர்கள். 1912இல் தொடங்கிய உங்கள் சங்கமும் வளர்ப்பவர்களை ஊக்குவிக்க வந்ததுதானே?

திகளர்களையும் இங்கே நினைக்க வேண்டும். தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்தச் சமூகத்தின் கை படாத பழைய தோட்டம் பெங்களூரில் குறைவு. பெங்களூர் கரகத் திருவிழாவில் தர்மராயர் கோயில் கரகத்தைச் சுமப்பவர்களும் அவர்கள்தான். இந்த ஊரின் பூவிலும் காயிலும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி படிப்பதைவிட, கண்காட்சியில் அனுபவமுள்ள ஒரு தோட்டக்காரர் பக்கத்தில் ஒரு பிள்ளை தன் தொட்டியோடு நின்றால் அது மனதில் நிற்கும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பள்ளிகளால் முடியுமா என்று நீங்கள் தயங்கலாம். காலக்கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஊட்டி மலர்க் காட்சி மே மாதத்தில் வருகிறது. பள்ளி கோடை விடுமுறையில் இருக்கும், ஆகவே அங்கே இது கடினம். நம் இரண்டு கண்காட்சிகளும் பள்ளி நடக்கும் மாதங்களில் வருகின்றன. மே கடைசியில் பள்ளி திறந்ததும் விதைத்தால் ஆகஸ்ட் கண்காட்சிக்கு ஒன்பது, பத்து வாரம் கிடைக்கும். செண்டுமல்லி, காசித்தும்பை, ஜினியா, காஸ்மாஸ் நான்கும் அதற்குள் பூக்கும். மழைக்காலம் வேறு, தண்ணீர்க் கவலை குறைவு. ஜனவரிக்கு மூன்று மாதம் கேட்கும் ஆஸ்டரை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நம் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அர்க்கா காமினி போன்ற ரகத்தையே வளர்க்கலாம். இந்த ஊரில் பிறந்த பூவை இந்த ஊர்ப் பிள்ளை வளர்க்கட்டும்.

ஜனவரிக்கு வளர்க்கும்போது நடுவில் தசரா விடுமுறை வருகிறது. பூட்டிய பள்ளியில் நாற்று காய்ந்துவிடும். நாற்றுத் தட்டைப் பங்கு போட்டு ஆளுக்கு நான்கைந்தாக வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதுதான் வழி. ஒரே அறை உள்ள வீட்டிலும் ஜன்னல் விளிம்பில் ஒரு பால் கவருக்கு இடம் இருக்கும். அந்த நாட்களில் பாட்டியோ அம்மாவோ எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொல்வார்கள். ஊரில் தோட்டம் வைத்திருந்தவர்கள் பலர் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள், கேட்பாரில்லாமல்.

நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும், ஆனால் முதல் பூ சில நாள் தள்ளிப் போகும். கிள்ளுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கப் பிள்ளைகள் காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். செவ்வந்தி இன்னும் சுவையானது. இரவு நீண்டால்தான் அது மொட்டு விடும். ஒரு தொட்டியைத் தெருவிளக்கின் கீழும் இன்னொன்றை இருட்டிலும் வைத்து எது முந்திப் பூக்கிறது என்று பார்த்து எழுதி, இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் கண்காட்சியில் வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்களும் நின்று படிப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி நேராகவே பேசுகிறேன். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. பிள்ளைகள் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. மதிய உணவுக்கு அரிசி கழுவும் தண்ணீர், சோப்புப் போடாமல் தட்டு அலசும் முதல் தண்ணீர், இரண்டையும் வடிகட்டிச் சேர்த்தால் ஐம்பது தொட்டிக்குத் தாராளமாகப் போதும். காய்கறித் தோல் உரமாகும். காலி எண்ணெய் டின்னில் அடியில் ஓட்டை போட்டால் தொட்டி. பணம் அதிகம் கேட்கிற திட்டம் இல்லை இது.

உங்களிடம் வேண்டுவது கொஞ்சம்தான். விதையும் நாற்றுத் தட்டும், பருவத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வந்து பார்க்கத் துறையின் தோட்டக்காரர் ஒருவர், கண்காட்சிக்கு முந்தின நாள் ஒவ்வொரு வட்டாரத்திலும் தொட்டிகளை ஏற்றிவரக் குட்டியானை வண்டி. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியலாம். தனியார் பள்ளிக்குப் பேருந்து இருக்கிறது, அரசுப் பள்ளியில் வண்டிக் கூலியைத் தலைமையாசிரியர் தன் கைக்காசில்தான் தர வேண்டும். அதைத் துறை ஏற்காவிட்டால் இந்த இடமும் வசதியுள்ள பள்ளிகளால் நிறைந்துவிடும்.

பரிசு எதற்கு என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம், நிறுவனத் தோட்டம் என்று நீங்கள் நடத்தும் போட்டிகளை நான் மதிக்கிறேன். ஆனால் நிறுவனத் தோட்டத்துக்கு வரும் கேடயம் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் தோட்டக்காரரின் உழைப்பு. பள்ளித் தொட்டிகளை அந்தக் கண்ணால் பார்த்தால், நர்சரியில் வாங்கி முந்தின நாள் கொண்டுவந்து வைக்கும் பூவே வெல்லும். ஆகவே பூவின் அளவுக்கு மதிப்பெண் வேண்டாம். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் பிள்ளை தன் கையெழுத்தில் எழுதிய அட்டை இருக்கட்டும்: எப்போது விதைத்தேன், எத்தனை முளைத்தன, எத்தனை செத்தன, பூச்சி வந்தபோது என்ன செய்தேன். கன்னடத்திலும், அதன் கீழே தமிழோ உருதோ தெலுங்கோ வீட்டுப் பேச்சிலும். பூக்காமல் போன செடிக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். ஏன் பூக்கவில்லை என்று விளக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள். அட்டை மட்டும் போதாது, நேரம் பிரித்துப் பிள்ளைகளும் அங்கே நிற்க வேண்டும். பார்க்க வருபவர்கள் அவர்களைக் கேள்வி கேட்கட்டும்.

இது எங்கும் நடக்காததும் இல்லை. 1829இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் பிலடெல்பியா மலர்க் கண்காட்சியில், அந்த ஊரின் வேளாண் உயர்நிலைப் பள்ளியான சால் பள்ளியின் மாணவர்கள் தங்கள் காட்சியைத் தாங்களே அமைக்கிறார்கள். அங்கே குளிர்காலத்துக் கடைசியில் கொட்டகைக்குள் சூடும் வெளிச்சமும் தந்து செடிகளைத் தேதிக்குப் பூக்க வைக்க வேண்டும். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. பெங்களூர் வெயிலும் மழையும் பாதி வேலையைத் தாமே செய்துவிடும்.

எல்லாப் பள்ளிகளையும் ஒரே ஆண்டில் அழைக்க முடியாது என்பது புரிகிறது. முதல் ஆண்டு லால்பாகைச் சுற்றியுள்ள சில அரசுப் பள்ளிகளோடு தொடங்கினாலே போதும். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இதற்கு ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டியலைக் கன்னடப் படியோடு இணைக்கிறேன்.

வருகிற ஆகஸ்ட் கண்காட்சியில் எங்கள் தொட்டிகள் இருக்க வேண்டுமென்றால் மே கடைசிக்குள் விதை பள்ளிக்கு வந்துவிட வேண்டும். விடுமுறை தொடங்கிவிட்டால் தலைமையாசிரியர்களைப் பிடிப்பது கடினம். ஆகவே உங்கள் முடிவை மார்ச்சுக்குள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் பேச அழைத்தால் சனிக்கிழமை பிற்பகலில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து லால்பாக் அலுவலகத்துக்கே வருகிறோம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை